பிரசாவுரிமையும் யாழ்ப்பாணமும்

ஒரு நாட்டின் பிரசை யார் என்ற கேள்விக்குச் சட்டப் புத்தகம் சில வரிகளில் பதில் சொல்லிவிடும். இலங்கையில், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி வம்சாவழியாலோ பதிவினாலோ அந்த அந்தஸ்தைப் பெற்றவர் பிரசை. ‘இலங்கைப் பிரசை’ என்ற ஒரே அந்தஸ்தே உண்டு என்றும், அதை ஒருவர் எவ்வழியில் பெற்றார் என்பதை வைத்து எந்த நோக்கத்துக்காகவும் வேறுபாடு காட்டலாகாது என்றும் 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு 26ஆம் உறுப்புரையில் கூறுகிறது.

கடவுச்சீட்டில் பதியப்படும் இந்த அந்தஸ்து பிரசாவுரிமையின் முதற்படி மட்டுமே. அடுத்த படி வாக்கு. அதற்கு மேலே, மொழியாலோ பிறப்பாலோ வசிப்பிடத்தாலோ ஒருவர் தாழ்த்தப்படாத சமநிலை. அதற்கும் மேலே, அரசிடம் கேள்வி கேட்கவும் அயலவரின் உரிமையை மதிக்கவும் பழகிய நடைமுறை. யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் கடந்த நூறு ஆண்டுகளில் இந்த நான்கு படிகளிலும் ஏறியும் சறுக்கியும் வந்திருக்கிறார்கள். பல தடவை உரிமை இழந்திருக்கிறார்கள். பிறர் இழந்தபோது பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். சில வேளைகளில் தாமே மறுத்தும் இருக்கிறார்கள். ஒருவருக்கு மறுக்கப்படும் பிரசாவுரிமை அவருடைய அயலவரிடமும் நிலைப்பதில்லை என்பதே அந்த வரலாற்றின் சாரம்.

1948இன் சட்டம்

சுதந்திரத்துக்கு முந்திய ஆண்டில் நடந்த பொதுத் தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலையகத்தில் ஏழு ஆசனங்களை வென்றது. 1948 பெப்ரவரி 4இல் நாடு சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு நவம்பர் 15இல் பிரசாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது அச்சட்டம். அதன் வாசகத்தில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. பாட்டன் பிறந்ததற்கான பத்திரத்தைக் காட்டச் சொல்லியிருந்தால் வலிகாமத்துத் தோட்டக்காரரிலும் கண்டிச் சிங்களக் குடியானவரிலும் பலர் கைவிரித்திருப்பார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. மலையகத்தின் இந்திய வம்சாவழித் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடம் மட்டுமே கேட்கப்பட்டது.

அடுத்து வந்த 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம் பதிவுக்கு ஒரு வழி திறந்ததுபோலத் தோன்றியது. 1946 சனவரி 1க்கு முன்னர் திருமணமானவர் ஏழு ஆண்டுகளும் ஆகாதவர் பத்து ஆண்டுகளும் இடைவிடாது வசித்ததை நிரூபிக்க வேண்டும். வருமானம் காட்ட வேண்டும். இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஏறத்தாழ எட்டு இலட்சம் பேர் விண்ணப்பங்களில் அடங்கினர். பிரசாவுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. அதே 1949இல் இன்னொரு திருத்தச் சட்டம் பிரசைகள் அல்லாதோரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியது. 1952 தேர்தலில் மலையகத் தொழிலாளரின் பிரதிநிதியாக ஒருவரும் தெரிவாகவில்லை. தொகுதிகள் மொத்தச் சனத்தொகையைக் கொண்டே வகுக்கப்பட்டிருந்தபடியால், அவர்களின் தலைகளை எண்ணி உருவான ஆசனங்களில் பிறருடைய பிரதிநிதிகள் அமர்ந்தனர்.

நீதிமன்றமும் கைகொடுக்கவில்லை. ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமான சட்டத்தை ஆக்கலாகாது என்று சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு தடை விதித்திருந்தது. றுவன்வெல்லைத் தொகுதியில் வாக்காளராகப் பதியக் கோரிய கோடாகன்பிள்ளையின் வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. பிரசைகள் யார் என்று வரையறுப்பது எந்த அரசுக்கும் இயல்பான அதிகாரம், அது பாகுபாடாகாது என்று 1953இல் தீர்ப்பாயிற்று.

குடாநாட்டின் அரசியல் இந்தச் சட்டங்களால் இரண்டாகப் பிளந்தது. முதலாவது சட்டமூலத்தை எதிர்த்த தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் 1948 செப்டெம்பரில் டி. எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையில் சேர்ந்தார். இரண்டாவது சட்டமூலம் அவர் அங்கம் வகித்த அரசாலேயே நிறைவேற்றப்பட்டது. மலையகத்தார் மீது இன்று விழும் அடி நாளை மொழியின் பெயரால் வடக்குக் கிழக்குத் தமிழர் மீதும் விழும் என்று எச்சரித்த எஸ். ஜே. வி. செல்வநாயகம் தமிழ்க் காங்கிரஸிலிருந்து வெளியேறி, 1949 டிசெம்பர் 18இல் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். வாக்காளர் அதை அப்போது காதில் வாங்கவில்லை. 1952இல் காங்கேசன்துறைத் தொகுதியில் அவரே தோற்றார். நான்கு ஆண்டுகளில் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது.

நாடற்றவர்களாக்கப்பட்டோரின் கணக்கு முடிய அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்தது. 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொள்வதற்கான உடன்படிக்கை: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தனர். எந்த நாட்டில் வாழ விருப்பம் என்று அந்த மக்களிடம் கேட்டு எழுதப்பட்ட ஒப்பந்தமல்ல அது. 1986, 1988 சட்டங்களுக்குப் பின்னர், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே எஞ்சியிருந்தோருக்குப் பிரசாவுரிமையை வழங்கியது. இதற்கிடையில் 1977 கலவரத்துக்குத் தப்பி வன்னிக்கு வந்து குடியேறிய மலையகத்தார் அங்கே காணிப் பத்திரமின்றி அல்லாடினர். மலையகப் பிள்ளைகளை வீட்டு வேலைக்கு வைத்திருந்த யாழ்ப்பாணக் குடும்பங்களும் இருந்தன. அந்தப் பிள்ளைகளில் பலர் நாடற்றவர்கள் என்பது அந்த வீடுகளில் பெரிய விடயமாகக் கருதப்படவில்லை.

வாக்கு

பிரசை அரசின் பங்காளியாவது வாக்கினால்தான். 1978 அரசியலமைப்பின் 3ஆம் உறுப்புரை இறைமை மக்களிடம் உள்ளது என்கிறது. ஆட்சி அதிகாரம், அடிப்படை உரிமைகள், வாக்குரிமை மூன்றையும் அந்த இறைமைக்குள் அடக்குகிறது. இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை டொனமூர் ஆணைக்குழுவின் சிபாரிசால் 1931இலேயே வந்தது. அதைக் கேட்டு வாங்கியவர்கள் குறைவு. சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்றோர் படிப்பும் சொத்தும் அற்றவர்களுக்கு வாக்குரிமை அளிப்பதை எதிர்த்தனர்.

அந்த முதல் தேர்தலைக் குடாநாடு பகிஷ்கரித்தது. பகிஷ்கரிப்பை முன்னெடுத்தது, ஹண்டி பேரின்பநாயகம் முதலானோர் 1924இல் தொடங்கி, பின்னாளில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற அமைப்பு. 1927 நவம்பரில் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்துவந்ததும் அதுவே. டொனமூர் யாப்பு பூரண சுயராச்சியம் தரவில்லை என்பது அதன் எதிர்ப்புக்குக் காரணம். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவரும் வேட்புமனுத் தாக்கல் செய்யவில்லை. 1934 இடைத்தேர்தல் வரை அவை வெறுமையாகக் கிடந்தன. மலையகத்திலிருந்து தெரிவான பெரி சுந்தரம் தொழில் அமைச்சராக இருந்த அந்தக் காலத்தில், குடாநாட்டுக்கு அரசாங்க சபையில் ஓர் உறுப்பினர்கூட இல்லை. சாதியையும் வகுப்புவாதத்தையும் எதிர்த்து, முழு இலங்கைக்கும் சுதந்திரம் கேட்ட இளைஞர்களின் இலட்சியம் உயர்ந்ததுதான். விலையைக் கொடுத்தது ஊர்.

1983 ஓகஸ்ட்டில் வந்த ஆறாம் திருத்தம் தனிநாட்டுக் கோரிக்கையைக் குற்றமாக்கி, பாராளுமன்ற உறுப்பினர் அதற்கெதிராகச் சத்தியம் செய்ய வேண்டும் என விதித்தது. அதை மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணியினர் ஆசனங்களை இழந்தனர். வடக்கு பல ஆண்டுகள் பிரதிநிதிகளின்றி இருந்தது. 2005 நவம்பர் 17 சனாதிபதித் தேர்தலில் விடுதலைப் புலிகள் விதித்த பகிஷ்கரிப்பால் யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏழு இலட்சம் பதிவுபெற்ற வாக்காளரில் 1.2 வீதமானோரே வாக்களித்தனர். நாடளாவிய வெற்றி வித்தியாசம் ஏறத்தாழ 1,80,000 வாக்குகள். வாக்கு அரசினால் முடக்கப்பட்டாலும், அமைப்பொன்றின் கட்டளையால் முடக்கப்பட்டாலும், முடிவை வேறொருவர் எடுக்கிறார்.

துப்பாக்கியும் தடையுமின்றிச் சத்தமில்லாமல் வாக்கு தேய்வதும் உண்டு. பாராளுமன்றத்தின் மாவட்ட ஆசனங்கள் 196இல், மாகாணத்துக்கு நான்காக 36 போக, மீதி 160உம் பதிவுபெற்ற வாக்காளர் எண்ணிக்கைப்படியே பங்கிடப்படுகின்றன. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 1989இல் 11 ஆசனங்கள், 2010இல் 9, 2015இல் 7, 2024இல் 6. யுத்தமும் இடப்பெயர்வும் புலப்பெயர்வும் சேர்ந்து செய்த கழித்தல் இது.

இதன் கண்ணி கிராம அலுவலர் கொண்டுவரும் வாக்காளர் கணக்கெடுப்புப் படிவத்தில் இருக்கிறது. வீட்டுத் தலைவர் அதில் பதினெட்டு வயது நிரம்பியோரின் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதிக் கையொப்பமிட வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் மகனின் பெயரைப் பாசத்தால் விட்டுவைக்கும் வீடுகளும் உண்டு. வீட்டிலிருக்கும் மருமகளின் பெயரை எழுத மறந்துபோகும் வீடுகளும் உண்டு. பிள்ளையை முதலாம் தரத்தில் சேர்க்கப் போகும்போது, வதிவிடத்தை உறுதிப்படுத்த வாக்காளர் இடாப்பின் பிரதியைப் பாடசாலை கேட்கும். அந்தப் படிவத்தின் அருமை அப்போதுதான் பலருக்குத் தெரிகிறது. யுத்தத்தால் இடம்பெயர்ந்தோர் தமது பழைய விலாசத்தில் பதிய வழிசெய்யும் விசேட சட்டம் 2013இல்தான் வந்தது.

மாகாண மட்டத்தில் வாக்கு இப்போது உறங்குகிறது. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் உருவாக்கிய மாகாண சபைக்கு, தனி வட மாகாணம் முதன்முதலில் வாக்களித்தது 2013 செப்டெம்பர் 21இல். அச்சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பின்னர் தேர்தல் நடைபெறவில்லை. 2023இல் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லை என்று பிற்போடப்பட்டபோது, அது அடிப்படை உரிமை மீறல் என உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்ட்டில் தீர்ப்பளித்தது. 2025 மே 6இல் அத்தேர்தல் நடந்தது. மாகாண சபைக்கும் அதே நியாயம் பொருந்தும்.

சமநிலை

வாக்கிருந்தும் அரசாங்கக் கந்தோரில் தன் மொழி செல்லாதவர் அரைப் பிரசை. ‘சிங்களம் மட்டும்’ எனப்பட்ட 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரச கரும மொழிச் சட்டம் தமிழ் பேசும் அரச ஊழியரை அந்த நிலைக்குத் தள்ளியது. சிங்களப் பரீட்சையில் தோற்ற மறுத்ததால் சம்பள உயர்வை இழந்த எழுதுவினைஞர் கோடீஸ்வரன் அரசின் மீது வழக்குத் தொடுத்து 1964இல் மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார். உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. 1969இல் கோமறைக் கழகம் வழக்கைத் திருப்பி அனுப்பியது. மொழிச் சட்டம் செல்லுபடியாகுமா என்ற மூலக்கேள்வி கடைசிவரை தீர்க்கப்படவேயில்லை.

1961 பெப்ரவரி 20இல் தமிழரசுக் கட்சி யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. ஆண்களும் பெண்களும் வாசலை மறித்து அமர்ந்தனர். நிருவாகம் வாரக்கணக்கில் முடங்கியது. ஏப்பிரல் நடுப்பகுதியில் தமிழரசுத் தபால் சேவை தொடங்கப்பட்டதும் அவசரகாலச் சட்டம் வந்தது, இராணுவம் வந்தது. கோரிக்கை எளிமையானது: தம் ஊர்க் கச்சேரியில் தம் மொழியில் அலுவல் பார்க்க வேண்டும். தமிழும் அரச கரும மொழி என்பது 1987இல்தான் அரசியலமைப்பில் ஏறியது. ஆயினும் கொழும்பு அமைச்சிலிருந்து சிங்களத்தில் மட்டும் வரும் கடிதம் இன்றும் குடாநாட்டுக் கந்தோர்களுக்குப் புதிதல்ல.

நடமாடும் சுதந்திரமும் வசிப்பிடத்தைத் தெரிவுசெய்யும் சுதந்திரமும் 14ஆம் உறுப்புரையில் உண்டு. யுத்த காலத்தில் குடாநாட்டைவிட்டு வெளியேற ஒரு தரப்பிடமும், பின்னர் மறு தரப்பிடமும் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. 2007 யூன் 7இல் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேர், தலைநகரில் தங்கத் தகுந்த காரணமில்லை என்று பஸ்களில் ஏற்றி வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தன் நாட்டின் தலைநகரில் நிற்பதற்கு ஒரு பிரசை காரணம் சொல்ல வேண்டியதில்லை என்ற சாதாரண உண்மையை நீதிமன்றம் நினைவூட்ட வேண்டியிருந்தது.

காணியின் கதையும் இதுவே. 1990 யூனில் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியோரின் நிலங்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின. யுத்தம் முடிந்து நான்கு ஆண்டுகளின் பின்னர், 2013இல், அங்கே 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கும் அறிவித்தல் ஒட்டப்பட்டது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட காணிச் சொந்தக்காரர் மேன்முறையீட்டு நீதிமன்றம் சென்றனர். 2015 முதல் பகுதி பகுதியாக நிலம் விடுபட்டது. மயிலிட்டித் துறைமுகம் 2017 யூலையில் திறந்தது. இன்னும் திரும்பாத காணிகளும் உண்டு.

உயிரைப் பற்றிய கணக்கும் மீதமிருக்கிறது. 1996இல் ஒரு பாடசாலை மாணவி கொல்லப்பட்ட வழக்கில் 1998இல் மரண தண்டனை பெற்ற படைவீரர், செம்மணியில் நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டதாகச் சொன்னார். 1999 அகழ்வில் 15 எலும்புக்கூடுகள் கிடைத்தன. 2025இல் செம்மணிச் சித்துப்பாத்தி மயானத்தில் நடந்த அகழ்வில் இருநூறுக்கும் மேற்பட்டவை வெளிவந்தன. காணாமற்போன பிரசைக்கு என்ன நடந்தது என்று சொல்ல வேண்டிய பொறுப்பு, மற்றெல்லாக் கடப்பாடுகளுக்கும் முந்திய அரசின் கடப்பாடு.

ஊருக்குள்ளே

பிரசாவுரிமையை மறுக்கும் வல்லமை அரசிடம் மட்டும் இருப்பதில்லை. கிணற்றடியிலும் கோயில் வாசலிலும் தேநீர்க்கடை வாங்கிலும் அதை ஊரே மறுக்கலாம். பாடசாலையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் என்று அரசு பணித்தபோது, 1930 அளவில் குடாநாட்டில் அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், சாதியின் பெயரால் பொது இடங்களிலும் கோயில்களிலும் அனுமதி மறுப்பதைக் குற்றமாக்கியது. சட்டம் புத்தகத்தில் இருந்தது. தேநீர் தனிப் பேணியில் ஊற்றப்பட்டது. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தின் தேநீர்க்கடை, ஆலயப் பிரவேசப் போராட்டங்களுமே அந்தச் சட்டத்துக்கு உயிர் கொடுத்தன.

1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்ததை உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே வரக் கூடாதென மறித்தோரின் முன்னணியில் நின்றவர் சி. சுந்தரலிங்கம்: கணிதப் பேராசிரியர், சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் வர்த்தக அமைச்சர். மலையகத்தார் பிரசாவுரிமைச் சட்டமூலத்தின்மீது 1948 டிசெம்பரில் வாக்கெடுப்பு வந்தபோது சபையைவிட்டு வெளியேறி, பதவியையும் துறந்தவர் அவரே. மலைநாட்டுத் தொழிலாளியின் உரிமைக்காக அமைச்சுப் பதவியை விட்டவருக்கு, குடாநாட்டுக் கோயில் வாசலில் நின்ற தமிழரின் உரிமை கண்ணில் படவில்லை. தூரத்து அநீதி தெளிவாகத் தெரிவதும் பக்கத்து அநீதி வழமையாகத் தோன்றுவதும் அவர் ஒருவருக்கு மட்டும் உரிய குறையல்ல.

1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினர். அந்த மாதத்தில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் துரத்தப்பட்டனர். சோனகர் தெருவிலும் ஒஸ்மானியாக் கல்லூரியைச் சூழவும் தலைமுறைகளாக வாழ்ந்த மக்கள் புத்தளத்து முகாம்களுக்குப் போயினர். பிறந்த ஊரில் வாழும் உரிமையைத் தமக்காகக் கேட்ட போராட்டம் அயலவரிடம் அதையே பறித்தது. திரும்பி வந்தோர் இடிந்த வீடுகளையும், புத்தளத்தில் பதிவா யாழ்ப்பாணத்தில் பதிவா என்ற வாக்காளர் இடாப்புச் சிக்கலையும் எதிர்கொண்டனர். அவர்களை வரவேற்று வீடமைப்பிலும் பாடசாலையிலும் உரிய பங்கு கொடுப்பது குடாநாட்டவரின் கையில் உள்ள பிரசைக் கடமை.

பெண்களின் நிலையும் இங்கே சேரும். ஒல்லாந்தர் 1706–07இல் தொகுத்த தேசவழமை இன்றும் யாழ்ப்பாணத் தமிழருக்குப் பொருந்தும் சட்டம். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் சொந்தக் காணியை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் காணாமற்போன பெண், பிள்ளையின் படிப்புக்குச் சீதனக் காணியை விற்க நீதிமன்ற அனுமதியை நாட வேண்டியிருக்கிறது. 12ஆம் உறுப்புரை சமத்துவத்தைச் சொன்னாலும், 16ஆம் உறுப்புரை பழைய சட்டங்களை அப்படியே செல்லுபடியாக்குகிறது. பிரசாவுரிமைச் சட்டமே 2003 வரை தந்தை வழியை மட்டும் ஏற்றது. அந்த ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தத்தின் பின்னரே இலங்கைத் தாய் தன் பிள்ளைக்குத் தன் பிரசாவுரிமையைக் கொடுக்க முடிந்தது.

கடல் கடந்தோர்

குடாநாட்டின் குடும்பங்களில் வெளிநாட்டில் உறவில்லாதவை அரிது. கனடாவிலும் ஐரோப்பாவிலும் பிரசாவுரிமை பெற்றோர், 1987இல் அனுமதிக்கப்பட்ட இரட்டைப் பிரசாவுரிமை வழியாக இலங்கை அந்தஸ்தை மீளப் பெறலாம். ஆனால் அவர்கள் பாராளுமன்றம் போக முடியுமா என்பதில் சட்டம் தடுமாறியிருக்கிறது: 2015இன் பத்தொன்பதாம் திருத்தம் தடுத்தது, 2020இன் இருபதாம் திருத்தம் திறந்தது, 2022இன் இருபத்தோராம் திருத்தம் மீண்டும் தடுத்தது. வெளிநாட்டில் இருந்தபடி வாக்களிக்க வழியில்லை.

தமிழ்நாட்டு அகதி முகாம்களில் இருப்போரின் நிலை இதற்கு நேர்மாறு. அவர்களிடம் இரண்டு நாடுகள் இல்லை. ஒன்றுகூட உறுதியாக இல்லை. மண்டபம் முகாமில் பிறந்து வளர்ந்து, அங்கேயே கல்லூரி முடித்த பிள்ளையை இந்தியச் சட்டம் தன் பிரசையாக ஏற்பதில்லை. 2019இன் இந்தியப் பிரசாவுரிமைத் திருத்தச் சட்டமும் இலங்கையரைச் சேர்க்கவில்லை. இலங்கைச் சட்டப்படி அந்தப் பிள்ளை பிரசையாக வேண்டுமானால் பிறப்பு சென்னைத் துணை உயர்ஸ்தானிகராலயம் வழியாகப் பதியப்பட வேண்டும். பதியாமல் திரும்பி வருவோர் யாழ்ப்பாணப் பிரதேச செயலகங்களுக்கும் கொழும்புக்குமாக அலைகின்றனர். அம்முகாம்களில் ஒரு பகுதியினர் 1977க்குப் பின் வன்னிக்கு வந்து, அங்கிருந்து கடல் கடந்த மலையக வம்சாவழியினர். 1948இன் சட்டம் மூன்றாம் தலைமுறையையும் தொடர்கிறது.

நடைமுறை

அரசியலமைப்பின் 28ஆம் உறுப்புரை கடமைகளைப் பட்டியலிடுகிறது. பொதுச் சொத்தைப் பாதுகாத்தல், பிறருடைய உரிமைகளையும் சுதந்திரங்களையும் மதித்தல், இயற்கையைப் பேணல் என்பன அவற்றுள் சில. நீதிமன்றம் இவற்றை வலிந்து நிறைவேற்றுவிக்க முடியாது என்று அடுத்த உறுப்புரை சொல்கிறது. எனவே அவை பழக்கத்தில்தான் வாழ வேண்டும்.

அந்தப் பழக்கத்தின் நல்ல உதாரணம் சுன்னாகம். குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லின் அடியில் தேங்கும் மழைநீரே குடிநீர், தோட்டநீர் எல்லாம். சுன்னாகம் மின் நிலையச் சுற்றாடலில் துலாவால் அள்ளிய வாளித் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதந்தது. முகத்தருகே கொண்டுபோனால் மணம் அடித்தது. ஊரவரும் மருத்துவர்களும் குரல் எழுப்பினர், மல்லாகம் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. 2015இல் தென்னிலங்கைச் சுற்றாடல் செயற்பாட்டாளர் ரவீந்திர காரியவசம் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தார். 2019 ஏப்பிரல் 4இல், நிலத்தடி நீர் மாசடைந்ததால் மக்களின் சமத்துவ உரிமை மீறப்பட்டதென்று தீர்ப்பாகி, தனியார் மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு பணிக்கப்பட்டது. வலிகாமத்துக் கிணற்றுக்காகச் சிங்களப் பிரசை ஒருவர் மனுதாரராக நின்றது இவ்வழக்கில் நினைவிற்கொள்ள வேண்டிய அம்சம்.

இவ்வாறான மனுவை உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது 126ஆம் உறுப்புரை. இந்தக் காலக்கெடு தெரியாமல் நியாயமான பல முறைப்பாடுகள் வீணாகின்றன. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இதைவிட எளிய கருவி. பிரதேச சபை வீதிக்கு ஒதுக்கிய பணம், திணைக்களம் ஒன்று கையகப்படுத்திய காணியின் விபரம், ஒரு நியமனத்தின் அடிப்படை என எதையும் எழுதிக் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். இவை சட்டத்தரணிகளுக்கு மட்டும் தெரிந்த விடயங்களாக இல்லாமல், பாடசாலையில் குடியியல் படிக்கும் பிள்ளை ஒரு விண்ணப்பத்தைத் தானே எழுதிப் பார்க்கும் அளவுக்கு வர வேண்டும்.

அரசு செய்ய வேண்டியவை தெளிவானவை: மாகாண சபைத் தேர்தலை நடத்துதல், எஞ்சிய காணிகளை விடுவித்தல், செம்மணிக்குப் பதில் சொல்லல், முகாம்களிலிருந்து வருவோரின் பதிவை இலகுவாக்கல், 1911இன் கட்டளைச் சட்டத்தைத் திருத்தல். குடாநாட்டுச் சமூகம் செய்ய வேண்டியவற்றுக்கு எந்தச் சட்டமூலமும் தேவையில்லை. கோயில் நிருவாக சபையிலும் பாடசாலைப் பழைய மாணவர் சங்கத்திலும் சனசமூக நிலையத்திலும் எல்லாச் சாதியினரும் பெண்களும் பதவி வகித்தல்; திரும்பிய முஸ்லிம்களையும் குடியேறிய மலையகத்தாரையும் வந்தான் வரத்தான் என்று பேசாதிருத்தல்; வாக்காளர் படிவத்தை நேர்மையாக நிரப்புதல்; உள்ளூராட்சி மன்றத்தில் தெரிவானவரிடம் கணக்குக் கேட்டல். கொழும்பிடம் யாழ்ப்பாணம் கேட்கும் சமத்துவத்தை யாழ்ப்பாணத்திடம் கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கொடுக்கும் பதிலின் மேல்தான் அந்தக் கோரிக்கையின் தார்மீக பலம் நிற்கிறது.